இன்ஜின் மாற்றிய வண்டியில் ஹீட் மீட்டரை நம்பலாமா?



நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு சகோதரர் எழுந்து கேட்டார்: "ஆம்புலன்ஸ் இன்ஜின் சூடாகி நின்றுவிட்டது என்கிறீர்கள். ஹீட் மீட்டரில் முள் பாதியில்தான் இருந்தது என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? டிரைவர் மீட்டரைப் பார்க்காமல் ஓட்டியிருப்பார்."

அன்று அவருக்குச் சரியான பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. பிறகு மெக்கானிக்குகளிடமும் வாகன எலக்ட்ரீஷியன்களிடமும் கேட்டோம். நாங்களே வெந்நீர் வைத்துச் சோதித்தும் பார்த்தோம். பதில் இப்போது எங்களுக்குத் தெரியும். இரண்டுமே உண்மைதான். டிரைவர் மீட்டரைப் பார்த்துத்தான் ஓட்டினார். அந்த மீட்டர்தான் அந்த இன்ஜினுக்கு உரியதாக இல்லை.

நம் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் இன்ஜின் மாற்றிய வண்டியை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. லோடு வேன், ஜீப், டிராக்டர், பழைய கார் எதுவானாலும் இந்தக் குறை அதில் இருக்கலாம். எனவே பொதுக்குழுவில் சொல்லவேண்டிய பதிலை எல்லோருக்கும் பயன்படும் விதமாக இங்கே எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

நம் ஆம்புலன்ஸ் பழைய வேன். அதன் இன்ஜின் தேய்ந்து புகை கக்கியதால் வேறொரு நிறுவனத்தின் டீசல் இன்ஜினை வாங்கிப் பொருத்தினோம். புது இன்ஜின் வாங்க நிதி இல்லை, ஓடிய இன்ஜின்தான். வேலை முடிந்து வண்டி வந்தது. சத்தம் குறைவு, இழுவை நன்று, மீட்டர் முள்ளும் வேலை செய்தது. பில்லில் கையெழுத்திட்டுப் பணம் கொடுத்தோம்.

சென்ற மே மாதம் ஒரு நாள் பகலில், சோபனபுரம் வழியாகப் பச்சைமலைக்கு ஏறி, மூச்சுத் திணறலில் இருந்த ஒரு முதியவரை ஏற்றிக்கொண்டு வண்டி இறங்கியது. மலை ஏறும்போதே சூடான ரப்பர் வாடை வந்ததாக டிரைவர் பின்னர் சொன்னார். முள் பாதியில் நின்றதால் பிரேக் வாடையாக இருக்கும் என்று எண்ணியிருக்கிறார். துறையூரைத் தாண்டி மண்ணச்சநல்லூர் போகும் வழியில் இழுவை குறைந்து, வெள்ளை நீராவி கிளம்பி, வண்டி நின்றது. முதியவரை 108 வண்டியில் மாற்றி ஏற்றித் திருச்சிக்கு அனுப்பினோம். அல்ஹம்துலில்லாஹ், அவர் நலமாக வீடு திரும்பினார். வண்டி நின்றபோது எங்கள் எல்லோருக்கும் அந்த முதியவரின் முகம்தான் முன்னால் நின்றது.

இன்ஜினைப் பிரித்தபோது சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தது. ஹெட் கேஸ்கெட் எரிந்திருந்தது. அது உங்கள் சதகாவும் நன்கொடையும் போட்டு வாங்கிய இன்ஜின்.

மீட்டர் எப்படிச் சூட்டை அறிகிறது?

நாம் ஹீட் மீட்டர் என்று சொல்லும் கருவி இரண்டு பாகங்களால் ஆனது. ஒன்று, டேஷ்போர்டில் முள்ளோடு இருக்கும் மீட்டர். மற்றொன்று, இன்ஜினில் கூலிங் தண்ணீர் ஓடும் இடத்தில் மரை போட்டுத் திருகியிருக்கும் பித்தளைச் சென்சார். இரண்டையும் ஓர் ஒயர் இணைக்கிறது.

சென்சாருக்குள் ஒரு சிறு வில்லை இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது அது மின்சாரத்தை அதிகம் தடுக்கும். சூடாக ஆகத் தடை குறையும். தடை குறைந்தால் மீட்டர் வழியாக அதிக மின்சாரம் ஓடும். முள் 'எச்' எழுத்தை நோக்கி நகரும். இவ்வளவுதான் அதன் வேலை. மீட்டருக்கு வெப்பம் என்று எதுவும் தெரியாது. எத்தனை ஓம் தடை வருகிறது என்பதைத்தான் அது அறியும். "இத்தனை ஓம் என்றால் இத்தனை டிகிரி" என்ற கணக்கு மீட்டரைச் செய்தவர்களால் முன்பே அதில் வைக்கப்பட்டது.

ஆகவே மீட்டரும் சென்சாரும் ஒரே கணக்கில் செய்யப்பட்ட ஜோடியாக இருக்கவேண்டும். இன்ஜின் மாற்றும்போது மீட்டர் பழைய வண்டியோடு தங்கிவிடுகிறது. சென்சார் புது இன்ஜினோடு வந்துவிடுகிறது. ஒயரை மாட்டினால் முள் ஆடும். ஆடுவதைப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். வாகன மீட்டர்களுக்குப் பெயர் பெற்ற ஜெர்மனியின் விடிஓ நிறுவனம் 120 டிகிரி வரை காட்டும் மீட்டருக்கு ஒரு சென்சாரும், 150 டிகிரி வரை காட்டும் மீட்டருக்கு வேறொரு சென்சாரும் செய்கிறது. 100 டிகிரி சூட்டில் முதல் சென்சாரின் தடை ஏறத்தாழ 38 ஓம். இரண்டாவதன் தடை ஏறத்தாழ 62 ஓம். இப்போது 150 டிகிரி வகைச் சென்சாரை 120 டிகிரி வகை மீட்டரில் மாட்டினால் என்ன ஆகும்? தண்ணீர் 100 டிகிரியில் இருக்கும்போது மீட்டருக்கு 62 ஓம் போகிறது. அதன் கணக்கில் 62 ஓம் என்றால் சுமார் 84 டிகிரி. டிரைவர் பார்க்கும்போது எல்லாம் நலமாக இருப்பதுபோல் தெரியும். ஒரே நிறுவனத்தின் பொருள்களிலேயே இவ்வளவு வேறுபாடு என்றால், வெவ்வேறு நிறுவனங்களின் பொருள்களில் எவ்வளவு இருக்கும்!

இதை நம் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் விளக்க நாங்கள் சொல்வது இதுதான். சென்னைக்குக் கணக்கிட்ட தொழுகை நேர அட்டவணையை உப்பிலியபுரம் பள்ளிவாசலில் மாட்டினால் என்னவாகும்? சென்னையில் நம்மைவிடச் சில நிமிடங்கள் முன்னதாகவே சூரியன் மறைகிறது. அந்த அட்டவணையைப் பார்த்து நோன்பு திறந்தால், இங்கே சூரியன் மறையும் முன்பே திறந்தவர்களாவோம். அட்டவணையில் பிழையில்லை. கடிகாரத்திலும் பிழையில்லை. ஒன்று இன்னோர் ஊருக்குரியது, அவ்வளவுதான். நம் ஆம்புலன்ஸ் மீட்டரும் அப்படித்தான் இருந்தது.

எந்த வண்டிகளில் இது வருகிறது?

இன்ஜின் மாற்றுவது நம் நாட்டில் புதிதல்ல. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர் கார்களில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றி வாடகைக்கு ஓட்டியவர்கள் தமிழகம் முழுவதும் இருந்தார்கள். மஹிந்திரா ஜீப்பிலும் அப்படியே. பெட்ரோல் ஜீப்பில், மஹிந்திராவே பின்னாளில் பிரான்சின் பியூஜியோ உரிமத்தில் தயாரித்த எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். டெம்போ வண்டிகளில் வந்த, மெர்சிடிஸ் உரிமத்தில் செய்த ஓஎம் 616 இன்ஜினை ஏற்றியவர்களும் உண்டு. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய இன்ஜின்கள் வாங்கிவந்து பொருத்தப்படுகின்றன. ஏழைக் குடும்பத்துக்கு இது ஒரு நல்ல வழிதான். குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. இன்ஜினுக்குச் செலவழிக்கும்போது மீட்டருக்கும் சென்சாருக்கும் சிறு தொகை ஒதுக்குங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

மீட்டர்களில் வகைகள் உண்டு. உங்கள் வண்டியில் இருப்பது எது என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

பழைய ஜீப், டிராக்டர்களில் ஒயருக்குப் பதிலாக மெல்லிய செம்புக் குழாய் இன்ஜினிலிருந்து மீட்டருக்கு வரும். குழாய் முனையின் குமிழில் எளிதில் ஆவியாகும் ஈதர் அடைக்கப்பட்டிருக்கும். சூட்டில் அது விரிந்து அழுத்தம் கொடுக்க, முள் நகரும். இதற்கு மின்சாரம் வேண்டாம். எந்த இன்ஜினிலும் சரியாகக் காட்டும். குமிழ் நுழையும் மரை பொருந்தினால் போதும். குழாயை மடித்து நசுக்கினாலோ, நீளம் அதிகம் என்று வெட்டினாலோ மீட்டர் செத்துவிடும்.

அடுத்தது, மேலே சொன்ன ஓர் ஒயர் வகை. நடுக்காலத்து வண்டிகள் பெரும்பாலும் இதுதான். இதில்தான் ஜோடிப் பிரச்சினை வருகிறது. இந்த வகையில் சில பழைய பிரிட்டிஷ் வடிவ மீட்டர்களுக்கு பேட்டரி மின்சாரம் நேராகப் போகாது. ஒரு சிறு ஸ்டெபிலைசர் அதைச் சுமார் 10 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். ஒயரிங் மாற்றும்போது அதைத் தூக்கி எறிந்துவிட்டால் முள் எப்போதும் அதிகமாகவே காட்டும். 24 வோல்ட் லாரி மீட்டரை 12 வோல்ட் வண்டியில் மாட்டுவதும் தவறான கணக்கையே தரும்.

மூன்றாவது, கம்ப்யூட்டர் உள்ள புதிய வண்டிகள். சென்சாரில் இரண்டு ஒயர் இருக்கும். அது கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்லும். கம்ப்யூட்டர் மீட்டருக்குச் சொல்லும். இந்த ஒயரில் பழைய மீட்டரை ஒட்டுப் போட்டால் கம்ப்யூட்டர் குழம்பி டீசல் அளவையே மாற்றிவிடும். அப்படிப்பட்ட இன்ஜினைப் பழைய வண்டியில் வைத்தால், மீட்டருக்கென்று தனிச் சென்சார் வேறு துளையில் வைக்கவேண்டும்.

இன்ஜின் மாற்றும்போது நடக்கும் மற்றத் தவறுகள்

எங்கள் வண்டியில் ஜோடி மாறியது ஒன்று. பட்டறைகளில் கேட்டபோது இன்னும் நான்கு தவறுகளைச் சொன்னார்கள்.

1. சென்சாருக்குப் பதிலாக சுவிட்சில் ஒயர் மாட்டுவது. பல இன்ஜின்களில் எச்சரிக்கை விளக்குக்கென்றோ மின்விசிறிக்கென்றோ சுவிட்ச் ஒன்று இருக்கும். வெளியே பார்க்கச் சென்சார் போலவே தெரியும். அது படிப்படியாகச் சொல்லாது; ஒரு குறிப்பிட்ட சூடு வந்ததும் 'டக்' என்று இணைக்கும். அதில் மீட்டரை மாட்டினால் முள் 'சி'யிலேயே படுத்திருந்து, கடைசியில் ஒரேயடியாக 'எச்'சுக்குத் தாவும்.

2. எர்த் ஒயர் மறந்துபோவது. ஓர் ஒயர் சென்சார் தன் மின்சாரத்தை இன்ஜின் உடல் வழியாகத்தான் பேட்டரிக்குத் திருப்புகிறது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையே தடித்த எர்த் பட்டை இருந்தே ஆகவேண்டும். அது இல்லாவிட்டாலும் துருப்பிடித்திருந்தாலும் முள் குறைவாகக் காட்டும். ஹெட்லைட் போட்டவுடன் ஹீட் முள் அசைந்தால் எர்த்தைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

3. மரையில் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றுவது. தண்ணீர் கசியாது, உண்மைதான். ஆனால் சென்சாருக்கும் இன்ஜினுக்கும் இடையே மின்சாரமும் சரியாகப் போகாது. மரை பொருந்தாவிட்டால் லேத் பட்டறையில் பித்தளை புஷ் செய்து போடுவதே முறை.

4. சென்சாரைத் தவறான இடத்தில் வைப்பது. இன்ஜின் சூட்டைச் சுமந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில், அதாவது ஹெட்டிலோ தெர்மோஸ்டாட்டுக்கு முன்பாகவோ அது இருக்கவேண்டும். ரேடியேட்டரில் ஆறி வரும் தண்ணீர்க் குழாயில் வைத்தால் எப்போதும் குளிர்ச்சியாகவே காட்டும். நீண்ட புஷ் போட்டதால் சென்சார் முனை தண்ணீரைத் தொடாமல் உள்ளே ஒளிந்திருந்தாலும் இதே கதைதான்.

சரியாகப் பொருத்த வழிகள்

முதல் வழி: பழைய மீட்டருக்குரிய சென்சாரையே புது இன்ஜினில் வைப்பது. பழைய இன்ஜினைக் கொடுத்துவிடும் முன் அதன் சென்சாரைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மரை மாறினால் புஷ் செய்துகொள்ளலாம். செலவு மிகக் குறைவு.

இரண்டாம் வழி: புது இன்ஜின் எந்த வண்டியில் இருந்ததோ அந்த வண்டியின் மீட்டரை வாங்கி டேஷ்போர்டில் வைப்பது. இன்ஜின் வாங்கும்போதே கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

மூன்றாம் வழி: மீட்டரும் சென்சாரும் சேர்ந்தே விற்கும் தனி செட் வாங்குவது. டிகிரி எண் எழுதிய மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். 'சி', 'எச்' எழுத்துகளைவிட எண்தான் டிரைவருக்கு உதவும். நம் ஆம்புலன்ஸுக்கு இதைத்தான் செய்தோம்.

நான்காம் வழி ஒன்றும் உண்டு: இடையில் ரெசிஸ்டர் போட்டுச் சரிக்கட்டுவது. முள் குறைவாகக் காட்டினால் சென்சாருக்குப் பக்க இணைப்பாக ஒரு ரெசிஸ்டர். அதிகமாகக் காட்டினால் ஒயரின் நடுவே தொடராக ஒன்று. வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதை நாடலாம். ஏனென்றால் இது ஓர் இடத்தில்தான் சரியாக வரும். மேலே சொன்ன 62 ஓம் சென்சாருக்குப் பக்கத்தில் 100 ஓம் ரெசிஸ்டர் போட்டால், 100 டிகிரியில் 38 ஓம் கிடைத்து முள் சரியாக நிற்கும். ஆனால் 80 டிகிரியில் இருக்கும்போது சுமார் 89 என்று காட்டும். 100-ஐத் தாண்டினால் மறுபடி குறைத்தே காட்டும். இப்படிச் செய்பவர்கள், முள் பாதியில் நிற்பதைப் பார்த்து நிறுத்திவிடாமல், 95 முதல் 100 டிகிரிக்குள் சரியாக வருமாறு அமைக்கவேண்டும். ஆபத்து தொடங்கும் இடம் அதுதான்.

வெந்நீர்ச் சோதனை

எந்த வழியில் பொருத்தினாலும் சோதிக்காமல் நம்பாதீர்கள். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு பழைய பாத்திரம், அடுப்பு, 110 டிகிரி வரை காட்டும் ஆய்வுக்கூடத் தெர்மாமீட்டர், கொஞ்சம் ஒயர் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அது 42 டிகிரியோடு முடிந்துவிடும். அந்தப் பாத்திரத்தைப் பிறகு சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது. பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

சென்சாரைக் கழற்றி, அதன் முனை மட்டும் தண்ணீரில் மூழ்கும்படி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். ஒயர் மாட்டும் தலைப் பகுதி நனையக்கூடாது. மீட்டர் ஒயரை நீட்டிச் சென்சாரின் தலையில் மாட்டுங்கள். சென்சாரின் உடம்பிலிருந்து மற்றோர் ஒயரை பேட்டரியின் மைனஸ் முனைக்குக் கொடுங்கள். சாவியை ஆன் செய்து தண்ணீரை மெதுவாகச் சூடாக்குங்கள். 60, 80, 95 டிகிரிகளில் முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். ஒவ்வோர் இடத்திலும் சூட்டை ஒரு நிமிடம் நிலைநிறுத்திப் பாருங்கள். முள் மெதுவாகத்தான் ஏறும்.

நம் ஆம்புலன்ஸின் பழைய ஜோடியை இப்படிச் சோதித்தபோது, 60 டிகிரியில் முள் 'சி'யை விட்டு நகரவே இல்லை. 80-இல் கால் பங்கு. தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போதுதான் பாதிக்கு வந்தது. டிரைவர் "பாதியில் இருந்தது" என்று சொன்னதன் பொருள் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

சோதனை முடிந்ததும் மீட்டர் கண்ணாடியின் மேல் 80, 95 ஆகிய இடங்களில் சிறு ஸ்டிக்கர் துண்டு ஒட்டிவிடுங்கள். வேறு டிரைவர் ஓட்டினாலும் அது அவருக்கு வழிகாட்டும்.

அவசரத்துக்கு இன்னொரு சிறு சோதனை. ஓர் ஒயர் வகையில், சாவியை ஆன் செய்து, சென்சார் ஒயரைக் கழற்றினால் முள் 'சி'க்கு விழவேண்டும். அதே ஒயரை இன்ஜின் இரும்பில் ஒரு நொடி தொட்டால் 'எச்'சை நோக்கி ஓடவேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். கணக்கு சரியா என்பதை இது சொல்லாது, அதற்கு வெந்நீர்தான். கம்ப்யூட்டர் வண்டியின் இரண்டு ஒயர் சென்சாரில் இதைச் செய்யவே வேண்டாம்.

ஓட்டுபவர்கள் கவனிக்க

பொதுவாக இன்ஜின் தண்ணீர் 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்கும். ரேடியேட்டர் மூடி நம் வீட்டுக் குக்கர் வெயிட் போல அழுத்தத்தைத் தேக்குவதால், நல்ல மூடி இருந்தால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் கெட்டுவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். மலையில் நிலைமை இன்னும் மோசம். சுமார் 300 மீட்டர் உயர்ந்தால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். பச்சைமலை, கொல்லிமலை ஏறுபவர்கள் மூடியைச் சரிபார்த்துவிட்டு ஏறுங்கள்.

முள் ஏறிக்கொண்டே போய், திடீரென்று 'சி'க்கு விழுந்தால் இன்ஜின் ஆறிவிட்டது என்று மகிழாதீர்கள். தண்ணீர் முழுவதும் வெளியேறி, சென்சார் வெறும் காற்றில் நிற்கலாம். உடனே வண்டியை நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். வாடை, நீராவி, இழுவைக் குறைவு இவற்றில் எது வந்தாலும் முள் என்ன சொன்னாலும் நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது ஆறவிடாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். பீறிடும் வெந்நீர் முகத்தை வெந்துபோகச் செய்யும். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

சட்டமும் மார்க்கமும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. இன்ஜின் மாற்றுவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்புதல் பெற்று, புது இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் பதியுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். பதியாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்பதில் சிக்கல் வரும். வாங்கிய இன்ஜினுக்கு ரசீது இல்லையென்றால் அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். ஹலாலான சம்பாத்தியத்தை விரும்புபவர் ரசீதில்லாமல் வாங்கமாட்டார்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது, மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். இன்ஜின் மாற்றிய வண்டியை விற்கும்போது, மீட்டர் பொருத்தமில்லை என்று தெரிந்தும் "முள் நன்றாக ஆடுகிறது" என்று மட்டும் சொல்வது அந்தக் குவியலைப் போன்றதுதான். குறையைச் சொல்லி விற்றால் விலை கொஞ்சம் குறையும், பரக்கத் குறையாது.

நாங்கள் செய்திருப்பவை

தவறு எங்களுடையது என்பதை இங்கே எழுத்தில் ஒப்புக்கொள்கிறோம். இன்ஜின் மாற்றி வந்த அன்று, "மீட்டரைச் சோதித்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்காமல் கையெழுத்திட்டோம். பொது நிதி ஓர் அமானிதம். அதில் கவனக்குறைவுக்கும் கணக்கு உண்டு. நம் டிரைவர் சகோதரரைக் குறித்து ஊரில் சிலர் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. அவர் மீது தவறில்லை. அவரிடம் நாங்கள் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். பேசியவர்களும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது.

ஆம்புலன்ஸில் இப்போது டிகிரி எண் உள்ள புதிய மீட்டரும் அதற்குரிய சென்சாரும் பொருத்தியிருக்கிறோம். துறையூரில் லேத் பட்டறையில் புஷ் செய்தோம். மீட்டரே கெட்டுப்போனாலும் காப்பாற்ற, தனிச் சுவிட்சில் இயங்கும் எச்சரிக்கை விளக்கும் மணியும் வைத்திருக்கிறோம். வெந்நீரில் சோதித்து, எண்களை எழுதி வண்டிக் கோப்பில் சேர்த்திருக்கிறோம். விரும்புபவர்கள் வந்து பார்க்கலாம்.

இனி நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனில் பழைய வண்டி வாங்குபவர்கள், அதில் இன்ஜின் மாற்றப்பட்டிருந்தால், ஆர்.சி. பதிவைக் காட்டி, மீட்டர் சோதனையும் முடித்த பின்பே தொகை வழங்கப்படும். இது கடன் வாங்குபவரைச் சந்தேகித்துப் போட்ட நிபந்தனையல்ல. கடனில் வாங்கிய வண்டி மூன்றாம் மாதம் ஹெட் வளைந்து நின்றால், அந்தக் குடும்பம் பட்டறைச் செலவுக்கு வட்டிக்காரரிடம் போக நேரும். அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

தெர்மாமீட்டர், மல்டிமீட்டர், சோதனை ஒயர்கள் அடங்கிய ஒரு பெட்டியை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். எந்தச் சமுதாயத்தைச் சேர்ந்தவரானாலும் அஸர் தொழுகைக்குப் பின் வந்து எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம். கட்டணம் இல்லை. மறுநாள் திருப்பித் தந்தால் போதும், அடுத்தவர் காத்திருப்பார்.

நம் வண்டிகளையும் அவற்றில் பயணிப்பவர்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்